தூக்கத்துல மூச்சு நிக்குதா: ஸ்லீப் லேப் டெஸ்டா, பேஸ்மேக்கர் கணக்கா?

அப்பாவுக்கு பேஸ்மேக்கர் இருக்கு, ராத்திரி குறட்டை திடீர்னு நின்னுரும், அப்புறம் திணறி ஒரு மூச்சு இழுப்பாரு, அம்மா பதறி எழுந்து உக்காந்துருவாங்க.

ஸ்லீப் லேப்ல தலை, நெஞ்சு, காலுன்னு ஒயர் ஒட்டி, விரல்ல ஆக்சிஜன் கிளிப் மாட்டி ராத்திரி பூரா பாப்பாங்க. மூச்சு நிக்கிறதோ ரொம்ப குறையறதோ மணிக்கு 5 தடவைக்கு கீழன்னா நார்மல், 30க்கு மேல போனா சீரியஸ். ஆனா புது இடத்துல நிறைய பேருக்கு தூக்கமே வராது, அதுவும் ஒரே ராத்திரி கணக்குதான்.

சில பேஸ்மேக்கர்ல, மூச்சு விடும்போது நெஞ்சுல மின்தடை கூடிக் குறையறத வச்சு மூச்சை அளக்குற சென்சார் இருக்கு, தினமும் அதுவே எண்ணி வச்சுக்கும், செக்கப்ல எத்தனையோ ராத்திரியோட கிராஃப் பாத்துரலாம், நிஜமாவே பெரிய வசதி. ஆனா ஆக்சிஜன் எவ்ளோ இறங்குச்சுன்னு சொல்லாது. தொண்டை அடைச்சு நிக்குதா, மூளை சிக்னல் வராம நிக்குதான்னு பிரிக்கிறதும் கஷ்டம். இதுதான்ங்க முக்கியம், ஏன்னா 2015ல வந்த சர்வ்-ஹெச்எஃப் ஆய்வுல, ஹார்ட் பம்பிங் 45 சதவீதமோ அதுக்கு கீழயோ இருந்த மூளை சிக்னல் வகை ஆளுங்களுக்கு ஏஎஸ்வி மிஷின் (மூச்சுக்கு ஏத்த மாதிரி மாஸ்க் வழியா காத்தை அழுத்தித் தர்றது) போட்டப்ப இதய நோய் சாவு கூடிருச்சு.

அதனால கிராஃப் ஏறுனா நேரா மிஷின் வாங்காதீங்க, லேப் போங்க. மொதல்ல உங்க மாடல்ல அந்த வசதி இருக்கா, ஆன் பண்ணிருக்காங்களான்னு கேட்டுக்கங்க.