குமரி மாவட்டத்து டவுன் பஸ்: டிக்கெட் லேசு, முதல் படிதான் பாடு

வயதானவரையோ மாற்றுத்திறனாளியையோ கூட்டிக்கொண்டு நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் வட்டாரத்தில் அரசு பஸ்ஸிலும் உள்ளூர் ரயிலிலும் போய்வரலாமா? போய்வரலாம். காசும் பெரிதாக ஆகாது. கட்டணச் சலுகைக்கு ஐந்துக்கு நாலு மார்க் தாராளமாகப் போடலாம். ஏறி இறங்கும் வசதிக்கு ஒன்றரைக்கு மேல் போட மனசு வரவில்லை. இந்த இரண்டு மார்க்குக்கும் நடுவில் உள்ள பள்ளத்தைக் கூடப் போகிறவர்தான் நிரப்ப வேண்டியிருக்கிறது. அதை எப்படிச் செய்வது என்பதற்குத்தான் இங்கே அதிக இடம்.

முதலில் காசு. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட் இலவசம். அதற்குப் பின்னாலேயே மாற்றுத்திறனாளிகளையும் அவர்களுக்குத் துணையாக வருபவரையும் திருநர்களையும் சேர்த்தார்கள். முன்கண்ணாடியில் மகளிர் கட்டணமில்லாப் பயணம் என்று எழுதியிருக்கும் வண்டிதான் கணக்கு. எழுத்து இல்லை என்றால் எக்ஸ்பிரஸோ வேறு வகையோ. ஏறுவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது, ஏறியபின் இறங்குவது இவர்களுக்கு இரண்டாவது தண்டனை. தனியார் மினி பஸ்ஸும் கேரள அரசு வண்டியும் இந்தச் சலுகையில் வராது. களியக்காவிளை, திருவனந்தபுரம் பக்கம் போகிறவர்கள் இதில் அடிக்கடி ஏமாறுவார்கள்: நிற்கிற ஸ்டாப் ஒன்றுதான், வருகிற வண்டி இரண்டு அரசாங்கத்துடையது.

இதில் விட்டுப்போனவர் பாட்டா. 60 வயது தாண்டிய ஆணுக்கு சென்னை மாநகர பஸ்ஸில் மாதம் 10 டோக்கன் உண்டு. இங்கே ஒன்றும் கிடையாது. பாட்டி இலவசமாக வருவார், பக்கத்தில் அதே முட்டிவலியோடு பாட்டா சில்லறை எண்ணிக்கொண்டிருப்பார்.

வெளியூர் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்குக் கட்டணத்தில் 75 விழுக்காடு தள்ளுபடி. அசல் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். நகலும் கேட்பார்கள் என்பதால் நாலைந்து பிரதி எடுத்துப் பையிலேயே போட்டு வையுங்கள். அட்டை இல்லாமல், பார்த்தாலே தெரியுதே என்று கண்டக்டரிடம் வாதாடிப் பயனில்லை, அவருக்கு டிக்கெட் கணக்கு ஒப்படைக்க வேண்டும். அட்டைக்கான மருத்துவச் சான்று வேலை ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியைச் சுற்றி நடக்கும். விண்ணப்பத்துக்கும், மருத்துவமனை, சிறப்புப் பள்ளி, வேலை என்று தவறாமல் போய்வருவோருக்கான இலவச பஸ் பாஸுக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். பாஸை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். மறந்துவிட்டு நடுவழியில் கண்டுபிடிப்பவர்கள் ஏராளம். யூடிஐடி என்கிற மாற்றுத்திறனாளிகளின் தேசிய அடையாள அட்டையில் நிறக்கோடு பார்த்திருப்பீர்கள்: குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் கீழே என்றால் வெள்ளை, 40 முதல் 80 வரை மஞ்சள், அதற்கு மேல் நீலம். வெள்ளைக் கோட்டை வைத்துக்கொண்டு சலுகை கேட்டால் பெரும்பாலும் நடக்காது.

இனி படி. வீட்டு மாடிப்படியின் உயரம் 6 அல்லது 7 அங்குலம். டவுன் பஸ்ஸின் முதல் படி அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். அதற்கு மேலும் படிகள் உண்டு, ஆனால் பாடு எல்லாம் முதல் படியில்தான். நடைமேடையை ஒட்டி வண்டி நின்றால் ஐந்தாறு அங்குலம் அதில் குறையும். நம் ஊரில் பஸ் நிற்க வேண்டிய இடத்தில் ஆட்டோவும் பைக்கும் நிற்பதால் வண்டி ரோட்டின் நடுவிலேயே நிற்கும். குறைய வேண்டிய உயரம் குறையாது. சில ஸ்டாப்புகளில் நிலைமை இன்னும் மோசம். தார் மேல் தார் போட்டு ரோடு உயர்ந்திருக்கும், ஓரத்து மண் தாழ்ந்திருக்கும், மண்ணில் நிற்கிறவருக்குப் படி இடுப்பருகே வந்துவிடும். ஆகவே முதல் பாடம்: ஸ்டாப்பில் எங்கே நிற்பது என்பதைத் தேர்ந்தெடுங்கள். வழக்கமாக வண்டி நிற்கும் இடத்துக்குப் பத்தடி முன்னே, தரை மேடாக உள்ள இடத்தில் நின்று, டிரைவர் கண்ணில் படும்படி கையை நீட்டுங்கள். கம்பையோ வெள்ளைக்கோலையோ மறைக்காமல் முன்னால் பிடித்தால் நிறைய டிரைவர்கள் ஓரம் கட்டிக் கொடுப்பார்கள்.

முன்வாசல் வழியாகவே ஏறுங்கள், ஆணாக இருந்தாலும். டிரைவர் பக்கத்திலேயே இருக்கிறார், என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியும். பின்வாசலில் நடப்பது கண்டக்டரின் விசிலை நம்பியது. கூட்டத்தில் அவர் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தால் இரண்டு விசில் சீக்கிரமே விழுந்துவிடும்.

ஏறும்போது நல்ல கால் முதலில், வலிக்கிற கால் பின்னால். இறங்கும்போது இது தலைகீழ்: வலிக்கிற கால் முதலில் கீழே. கூட வருபவர் ஏறும்போது பின்னாலும், இறங்கும்போது முந்தி இறங்கித் தரையிலும் நிற்க வேண்டும். மேலே நின்றுகொண்டு கையைப் பிடித்து இழுப்பதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. தோள்மூட்டு பலவீனமானவருக்கு அதிலேயே மூட்டு நழுவும். இழுத்த வேகத்தில் காலும் படியைத் தவறவிடும். இடுப்புக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்துத் தாங்கினால் போதும். கம்பை இரண்டு கையும் கம்பியைப் பிடித்தபிறகுதான் வாங்க வேண்டும், முன்னால் பிடுங்கக் கூடாது.

பக்கவாதம் வந்தவருக்கு ஒரு நுட்பம் இருக்கிறது. ஏறும்போது இடது கைக்குக் கிடைத்த கம்பி, இறங்கத் திரும்பும்போது வலது கைப்பக்கம் போய்விடும். ஒரு கை மட்டுமே வேலை செய்கிறவருக்கு இது பெரிய வித்தியாசம். அவரை வண்டியின் உள்பக்கம் பார்த்தபடியே, ஏறிய அதே கம்பியைப் பிடித்துக்கொண்டு, பின்னோக்கி இறங்கச் சொல்லுங்கள். நீங்கள் கீழே நின்று அவருடைய பாதம் படியில் பட்டதா என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். வேடிக்கையாகப் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

வீட்டிலிருந்து பிளாஸ்டிக் முக்காலி கொண்டுபோய் முதல் படிக்குக் கீழே போடுவதும் நடக்கிறது. வேண்டாம். ஏறுகிறவர் ஓரமாக அழுத்தும்போது அது சரியும், மழைத்தரையில் வழுக்கும். இந்த மாவட்டத்தில் ஜூனிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. மழைநாளில் குடையை மடக்கிவிட்டுத்தான் ஏற வேண்டும். நனைவதைப் பற்றிக் கவலைப்பட்டு ஒரு கையால் ஏறுகிறவர்தான் விழுகிறார்.

உள்ளே போனதும் எழுதி ஒதுக்கிய சீட்டு யாரிடம் இருந்தாலும் கேளுங்கள், பெரும்பாலும் எழுந்துவிடுவார்கள். ஒதுக்கிய சீட்டே ஆனாலும் பக்கவாட்டில் பார்த்து உட்காரும் நீள சீட்டில் முதியவரை உட்காரவைக்காதீர்கள்: பிரேக் போட்டால் பிடிமானம் இல்லாமல் முன்பக்கம் சாய்வார்கள். சக்கரத்துக்கு மேலே உள்ள சீட்டும் கடைசி வரிசையும் முதுகுத்தண்டுக்கு ஆகாது. வாசலுக்குப் பின்னால் இரண்டாவது, மூன்றாவது வரிசை நல்லது. டிக்கெட் வாங்கும்போதே, இறங்க நேரம் எடுக்கும் அண்ணே, கொஞ்சம் பார்த்து விசில் கொடுங்க என்று சொல்லி வையுங்கள். வண்டி நின்றபிறகு எழுந்தால் போதும். நிற்கும் முன்பே எழுந்து வாசலுக்கு நகர்வது இளவட்டங்களின் பழக்கம். பாட்டியும் அதையே செய்யப் பார்ப்பார், தடுக்க வேண்டும்.

பார்வையற்றவரை நீங்கள் பிடித்துத் தள்ளக் கூடாது. உங்கள் முழங்கைக்கு மேலே அவர் பிடித்துக்கொள்ள வேண்டும். வாசலில் அவருடைய கையை எடுத்துக் கம்பியில் வைத்து, எத்தனை படி, முதல் படி எவ்வளவு உயரம் என்று சொன்னால் மிச்சத்தை அவரே பார்த்துக்கொள்வார். காது கேளாதவர் தனியே போனால் இறங்குமிடத்தைப் பெரிய எழுத்தில் தாளில் எழுதிக் கண்டக்டரிடம் காட்டட்டும்.

சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு இந்த டவுன் பஸ் ஆகாது. மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. தாழ்தளப் பேருந்தின் தளம் தரையிலிருந்து 40 சென்டிமீட்டர் உயரம்தான், சாய்தளத்தை விரித்தால் நாற்காலி உருண்டே உள்ளே போகும். சென்னையில் 2024 முதல் அது ஓடுகிறது. இங்கே ஓடும் வண்டியில் ஆளைத் தூக்கித்தான் ஏற்ற வேண்டும், அதை ஒருவர் தனியாகச் செய்யவே கூடாது. எழுந்து நாலடி வைக்க முடிந்தவர் என்றால் மட்டும் மடக்கு நாற்காலியோடு முயலலாம்: கால்தட்டைக் கழற்றி, மடக்கி, நாற்காலி கடைசியில் ஏற வேண்டும், முதலில் இறங்க வேண்டும்.

பஸ் நிலையம் பற்றி. நாகர்கோவிலில் உள்ளூர் வண்டிக்கு மீனாட்சிபுரம் அண்ணா பஸ்ஸ்டாண்டு, வெளியூர் வண்டிக்கு வடசேரி. இரண்டுக்கும் நடுவே முதியவரை நடத்திக் கூட்டிப் போகலாம் என்று நினைக்காதீர்கள். எந்த வண்டியானாலும் அது புறப்படும் இடத்திலேயே ஏறுவது உத்தமம்: வண்டி நின்றுகொண்டிருக்கும், கூட்டம் ஏறியிருக்காது, அவசரப்படுத்த ஆள் இல்லை. ஒன்றிரண்டு ஸ்டாப் பின்னால் ஆட்டோவில் போய் ஏறினாலும் கொடுத்த காசு வீண் இல்லை. காலை எட்டிலிருந்து ஒன்பதரை, மாலை நாலிலிருந்து ஐந்தரை பள்ளிக்கூடப் பிள்ளைகள் நேரம், அந்த நேரத்தைத் தவிருங்கள். ஆஸ்பத்திரிக்குக் காலையில்தான் போயாக வேண்டும் என்றால் ஏழு மணிக்கு முன்பே கிளம்பிவிடுங்கள். திங்கள்சந்தை வழித்தடத்தில் சந்தை நாள் என்றால் கூடையும் சாக்கும் வழியில் இருக்கும். மார்த்தாண்டத்தில் இறங்குகிறவர்கள், வண்டி மேம்பாலத்தில் போகுமா கீழே போகுமா என்று கேட்டு ஏறுங்கள்.

ரயில், எங்கள் கணிப்பில், முட்டிவலிக்காரருக்குப் பஸ்ஸைவிட நல்லது. குலுக்கல் இல்லை, கழிப்பறை இருக்கிறது. சிக்கல் நிற்கும் நேரத்தில்: இரணியல், குழித்துறை போன்ற இடங்களில் ஒன்றிரண்டு நிமிடம்தான். மாற்றுத்திறனாளிகளுக்கான அகல வாசல் பெட்டி, இருக்கும் வண்டியில், கடைசியில் ரயில் கார்டு இருக்கும் பெட்டியோடு சேர்ந்து வரும். அது எந்தப் பக்கம் வரும் என்று நிலைய அலுவலரிடம் முன்பே கேட்டு அங்கே போய் நிற்க வேண்டும், வண்டி வந்தபின் ஓட முடியாது. கன்னியாகுமரி நிலையத்தில் தண்டவாளம் கட்டடத்துக்கு முன்னாலேயே முடிந்துவிடுவதால் மேம்பாலம் ஏறாமல் நடைமேடைக்குப் போகலாம். மற்ற நிலையங்களில் எந்த நடைமேடை என்று முதலில் விசாரியுங்கள்.

ரயிலில் மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. இன்னும் கவுன்டரில் கேட்டுத் திட்டு வாங்குகிறவர்கள் உண்டு. நீண்ட பயணத்தில் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது: 60 வயதான ஆண், 45 வயதான பெண், தனியாகவோ இருவராகவோ பதிவு செய்தால் மட்டும். குடும்பமே ஒரே டிக்கெட்டில் என்றால் அந்த ஒதுக்கீடு கிடைக்காது, பாட்டாவையும் பாட்டியையும் தனி டிக்கெட்டாகப் போடுங்கள். துணையில்லாமல் போக முடியாத உடல் ஊனமுற்றோர், அறிவுத்திறன் குறைபாடு உள்ளோர், முழுப் பார்வையற்றோர் ஆகியோருக்கு இரண்டாம் வகுப்பு, ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசியில் 75 விழுக்காடு தள்ளுபடி, துணைக்கும் அதே. திருவனந்தபுரத்துக்குப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கும் சலுகை உண்டு: இரண்டாம் வகுப்பில் 75, ஸ்லீப்பரில் முழுத் தள்ளுபடி. ஆஸ்பத்திரி ரயில்வேயின் படிவத்தில் சான்று தர வேண்டும். வெள்ளைத்தாளில் டாக்டர் எழுதிய சீட்டைக் கவுன்டரில் ஏற்கமாட்டார்கள்.

கன்னியாகுமரியில் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகு தனிக்கதை. விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் போட்டுவிட்டார்கள், சரி. ஆனால் கரையிலிருந்து ஆடுகிற படகில் கால் வைக்கும் அந்த ஒரு நொடி மாறவில்லை. நடை தள்ளாடுகிறவரை அழைத்துப்போவதாக இருந்தால் காற்று அடங்கிய நாளைப் பாருங்கள்.

புகார் சொல்ல வேண்டி வந்தால் கோபத்தைவிட எண் முக்கியம். டிஎன் 74 என்று தொடங்கும் வண்டி எண் முழுதும், தடம், ஸ்டாப், நேரம் நாலையும் அங்கேயே போனில் குறித்துவிடுங்கள். இலவச டிக்கெட்டானாலும் தாளைக் கிழித்துப் போடாதீர்கள். முதல்வர் உதவி எண் 1100, ரயிலுக்கு 139, முதியோர் உதவிக்கு 14567. வண்டி எண் இல்லாமல் கூப்பிட்டால் எதிர்முனையில் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.