எட்டு மெய்ப்பாடுகளும் ஓர் அட்டைப் பெட்டியும்: வகுப்பறையிலிருந்து ஒரு மதிப்புரை

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்குக் கவிதையின் உணர்வுநிலையை உணர்த்துவதற்கென ஒரு சிறு பதிப்பகம் வெளியிட்டுள்ள அட்டைத் தொகுப்பை, இந்தக் கல்வியாண்டில் ஏழாம் வகுப்பில் பயன்படுத்தி வருகிறேன். பாடல் அட்டைகள், எட்டு மெய்ப்பாட்டு அட்டைகள் (மெய்ப்பாடு என்பது உடலில் வெளிப்பட்டுத் தெரியும் உணர்வு), ஆசிரியருக்கான விடைக் கையேடு, கைபேசியில் கேட்கக்கூடிய ஒலிப்பதிவுகள் ஆகியவை பெட்டியில் உள்ளன. அச்சு தெளிவாக இருக்கிறது. பெட்டியின் மூடிதான் மாணவர் கைபட்டுச் சீக்கிரமே கிழிந்துவிட்டது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை ஆகிய எட்டையும் அடித்தளமாகக் கொண்டது இத்தொகுப்பின் முதல் நன்மை. எந்தப் பாடலைக் கேட்டாலும் ‘சோகம்’ அல்லது ‘மகிழ்ச்சி’ என்று முடித்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இந்த எட்டும் புதிய வாசல்களைத் திறக்கின்றன. ஒவ்வொரு மெய்ப்பாடும் பிறக்கும் நான்கு நிலைக்களன்களையும் (காரணங்களையும்) அட்டையின் பின்புறத்தில் எளிய சொற்களில் தந்திருக்கிறார்கள். அழுகை என்று சொன்ன மாணவர் அதோடு நிற்க முடியாது. அது இளிவா (பிறர் இகழ்வதா), இழவா (இழப்பா), அசைவா (முன்னைய நிலை கெடுவதா), வறுமையா என்று அடுத்த கேள்விக்கும் பாடலுக்குள் விடை தேடியாக வேண்டும்.

பாரதியின் ‘அச்சமில்லை அச்சமில்லை’ பாடலையும் பறம்பு மலையை ஆண்ட வள்ளல் பாரியின் மகளிர் பாடிய புறநானூற்றுப் பாடலையும் (112) அடுத்தடுத்து வைத்திருப்பதுதான் தொகுப்பின் உச்சம் என்பேன். முதல் பாடலில் ‘அச்சம்’ என்ற சொல் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு வகுப்பில் பாதிப் பேர் அச்ச அட்டையைத் தூக்கினார்கள். ‘உச்சி மீது வானிடிந்து வீழுகின்ற போதினும்’ என்ற அடியைச் சேர்ந்து உரக்கப் படித்த பிறகுதான் பெருமித அட்டை மேலே வந்தது. பாரி மகளிர் பாடலிலோ துயரத்தைக் குறிக்கும் சொல் ஒன்றுகூடக் கிடையாது. ‘அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவில்’ தந்தையும் இருந்தார், குன்றும் இருந்தது. ‘இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவில்’ இரண்டும் இல்லை. ஐந்தே அடிகளில் அவ்வளவுதான் செய்தி. இங்கே ஓர் அருமையான பயிற்சி தரப்பட்டுள்ளது. அன்று இல்லாதிருந்தோம், இன்று உடையோம் என்று முன்பாதியையும் பின்பாதியையும் இடம் மாற்றி எழுதிப் பார்க்கச் சொல்கிறார்கள். ஏறக்குறைய அதே சொற்கள், அதே நிலவு. பாடல் உவகைக்கு மாறிவிடுகிறது. உணர்வு தனிச்சொல்லில் மட்டும் இல்லை, சொற்கள் அடுக்கப்பட்ட வரிசையிலும் இருக்கிறது என்பதை எந்த விரிவுரையும் இவ்வளவு விரைவாகப் புரியவைத்து நான் பார்த்ததில்லை.

ஆனால் அதே பாடலுக்கு விடைக் கையேடு தரும் விடை வருத்தமளிக்கிறது. ‘அழுகை’ என்ற ஒரே சொல்லோடு அது முடிந்துவிடுகிறது. மூவேந்தரும் பறம்பை முற்றுகையிட்டு, போரில் வெல்ல இயலாமல் பாரியை வஞ்சித்துக் கொன்றார்கள் என்பது கதை. அப்படிப்பட்டவர்களை ‘வென்றெறி முரசின் வேந்தர்’ (வென்று முரசறையும் வேந்தர்) என்று அம்மகளிர் சொல்வதில் இகழ்ச்சிக் குறிப்பு உண்டு எனப் பழைய உரையே காட்டுகிறது. கதையைக் கேட்ட ஒரு மாணவி, “அவங்க கோபத்தோடதானே ஐயா சொல்றாங்க?” என்று கேட்டு வெகுளி அட்டையை நீட்டினாள். கையேட்டின்படி அது தவறு. பாடலின்படி அவள் மற்றவர்களைவிட ஆழமாகப் படித்திருக்கிறாள். ஒரு பாடலுக்கு ஒரே உணர்வு என்று விடையைப் பூட்டி வைப்பது, மதிப்பெண் போடுவதற்கு வசதியே தவிர, கவிதை வாசிப்புக்கு உதவாது.

ஒலிப்பதிவுகளைத் தொடக்கத்தில் போட்டுக் காட்ட வேண்டாம் என்று சக ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பாரி மகளிர் பாடலுக்கு முன் சோக வயலின் ஒலிக்கிறது. முதல் அடி வருவதற்குள் வகுப்பு முழுவதும் அழுகை அட்டையைத் தூக்கிவிடுகிறது. அட்டைகளில் உள்ள ஓவியங்களுக்கும் இதே குறை உண்டு என்றாலும், அவற்றைக் காகிதத்தால் மறைத்துவிடலாம்.

எட்டுக்குள் அடங்காத அமைதியைப் பற்றித் தொகுப்பு எதுவும் பேசவில்லை. ஊரே உறங்கும் இரவில் நொச்சிப் பூ உதிரும் ஓசையைக் கேட்டு விழித்திருக்கும் குறுந்தொகைப் பாடலின் (138) சில அடிகளை நானாகச் சேர்த்துப் படித்தபோது, பிள்ளைகள் எந்த அட்டையையும் எடுக்காமல் யோசித்தார்கள். அதற்காகவே ஒரு வெற்று அட்டையை நான் பெட்டியில் சேர்த்திருக்கிறேன். அதில் எழுதும் சொல்லை மாணவரே தேர்ந்துகொள்ளலாம்.

பாடலைத் தாமே முன்கூட்டிப் படித்து, விடைக் கையேட்டை மேசைக்குள் வைத்துவிட்டு வகுப்புக்குப் போகும் தமிழாசிரியர்கள் இதைத் தயங்காமல் வாங்கலாம். மாணவர் தனியே வீட்டில் பயில்வதற்கு இப்போதைய வடிவில் நான் பரிந்துரைக்க மாட்டேன். அடுத்த பதிப்பில் விடைகளுக்குப் பதிலாக, ஒவ்வொரு பாடலுக்கும் வரக்கூடிய இரண்டு மூன்று வாசிப்புகளையும் அவற்றுக்குச் சான்றான அடிகளையும் அச்சிடுமாறு பதிப்பகத்துக்கு எழுதியிருக்கிறேன்.