பூசாத சுவருக்கு எந்தக் கல்: தண்ணீர் ஊற்றிப் பார்த்து வாங்குங்க

வெளிச்சுவரைப் பூசாமல் அப்படியே விடப் போகிறீர்கள் என்றால், கல்லைக் காய்ந்த நிலையில் மட்டும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்காதீர்கள். ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, அது காயும் வரை பக்கத்திலேயே நில்லுங்கள். சேலம் பக்கம் போட்டி மூன்றுக்குத்தான்: சூளைச் செங்கல், ஃபிளை ஆஷ் கல் (அனல்மின் நிலையச் சாம்பலில் செய்வது), கருங்கல்.

நனைந்தால் ஏன் கருக்கிறது? கல்லின் நுண்துளைகளில் காற்று இருக்கும்போது வெளிச்சம் துகளுக்குத் துகள் பட்டுச் சிதறி வெளியே வந்துவிடும், அதனால் வெளிறித் தெரியும். ஒளிவிலகல் எண் (ஒரு பொருள் வெளிச்சத்தை எவ்வளவு வளைக்கிறது என்ற கணக்கு) காற்றுக்கு 1, தண்ணீருக்கு 1.33, கல்லில் இருக்கும் கனிமங்களுக்குச் சுமார் 1.5. துளைக்குள் தண்ணீர் புகுந்தால் இந்த இடைவெளி சுருங்கி, சிதறல் குறைந்து, வெளிச்சம் ஆழமாக உள்ளே போய் அங்கேயே உறிஞ்சப்படுகிறது.

செங்கல்லில் இது அழகு. காய்ந்தால் ஆரஞ்சு கலந்த மங்கல் சிவப்பு, நனைந்தால் நல்ல கருஞ்சிவப்பு. தொட்டியில் ஊறின கல்லை எடுத்துத் தரையில் வைத்துப் பாருங்கள், மூலைகளும் விளிம்புகளும் முதலில் வெளிறும், நடுவில் ஒரு கருஞ்சிவப்புத் திட்டு மட்டும் கடைசிவரை நிற்கும். குறை என்னவென்றால் உப்பு பூப்பது: காயும்போது உள்ளிருக்கும் உப்பு தண்ணீரோடு மேலே வந்து வெள்ளையாகப் படியும்.

ஃபிளை ஆஷ் கல்லுக்கு இங்கே பஞ்சமில்லை, மேட்டூர் அனல்மின் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. அளவு கச்சிதம், பூசப்போகிற சுவருக்குத் தாராளமாக வாங்கலாம். பூசாமல் விட்டால்தான் வம்பு. வெளிர்சாம்பல் நனைந்தால் அடர்சாம்பல், அவ்வளவுதான், ரசிக்க வேறு நிறமே கிடையாது. திட்டுத்திட்டாகக் காயும்போது வீடு முழுக்க ஓதம் ஏறின மாதிரி இருக்கும்.

கருங்கல் வேறு ஜாதி. ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையே சார்னோக்கைட் என்கிற கருங்கல் வகைதான் (கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இந்த வகை, பெயரும் அவரால் வந்தது). துளை மிகக் குறைவு என்பதால் தண்ணீர் மேல்தோலோடு நின்றுவிடும். உளி போட்ட முகம் கருத்துச் சீக்கிரம் தெளியும். மெருகேற்றிய முகம் நனைந்தாலும் காய்ந்தாலும் ஏறக்குறைய ஒரே நிறம், ஏனென்றால் வெளிச்சத்தைச் சிதறடிக்கும் சொரசொரப்பு அங்கே இல்லை.

என் கணக்கு இது. சேலம் வெயிலுக்குச் செங்கல், மழை நின்றதும் பழைய நிறத்துக்கு வந்துவிடும். 1,500 மீட்டர் உயரத்து ஏற்காட்டில் மூடுபனி விடாமல் நிற்கிற மாதங்களில் அதே செங்கல் காயவே காயாது, அப்புறம் பாசி. அங்கே செலவானாலும் கருங்கல்தான். நனைந்த மினுமினுப்பு எப்போதும் இருக்கட்டும் என்று சீலர் (ஈரம் புகாமல் தடுக்கும் மேல்பூச்சு) அடிப்பவர்கள், சுவர் உள்ளே வரை காய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடியுங்கள். அடைபட்ட ஈரம் பூச்சையே உரித்துவிடும்.

இதெல்லாம் வேண்டாம், பூசி நிறம் அடிக்கிறேன் என்பவர்களுக்கும் சிக்கல் உண்டு. சுண்ணாம்பு ஈரத்தில் கண்ணாடி மாதிரி, அடித்ததே தெரியாது, காயக் காயத்தான் வெள்ளை ஏறும். ‘இன்னும் ஒரு கோட்’ என்று மேஸ்திரியை உடனே விரட்டாதீர்கள். எமல்ஷன் நேர் எதிர். ஈரத்தில் பிசின் பால் போல வெளுத்திருப்பதால் நிறம் இளசாகத் தெரிந்து, காய்ந்ததும் ஒரு படி அடர்ந்துவிடும். சுவரில் ஒரு முழம் அடித்து, மறுநாள் பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மீதி டப்பாக்களை வாங்குங்கள்.