எட்டு போர்ட் ஸ்விட்ச்: பெட்டியில் குறையில்லை, அடாப்டர்தான் உயிரை வாங்குகிறது

எங்கள் அச்சகத்துக் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டியான நெட்வொர்க் ஸ்விட்சுக்குப் புது அடாப்டர் மாட்டிய கையோடு எழுதுகிறேன்; எட்டு போர்ட், அதாவது எட்டு கேபிள் செருகும் துளைகள் உள்ள பெட்டி அது. சொந்தமாக அச்சகம் தொடங்கும் நண்பர், "விலை குறைந்திருக்கிறதே, உங்களிடம் இருக்கும் அதே ஜிகாபிட் ஸ்விட்சை வாங்கிவிடட்டுமா?" என்று கேட்டிருந்தார். ஆம் என்று ஒரே சொல்லில் பதில் அனுப்ப மனம் வரவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் அச்சகத்தில் வடிவமைப்புக் கணினிகள், பில் போடும் கணினி, பிரிண்டர், சர்வர் எல்லாம் தனித்தனிக் கேபிளில் இந்த ஒரு பெட்டிக்குத்தான் வந்து சேர்கின்றன. பாடப் புத்தகம் நட்சத்திர அமைப்பு என்று சொல்வது இதைத்தான். பழைய பஸ் அமைப்பில் வேலை பார்த்தவர்களுக்கே இதன் அருமை முழுதாகப் புரியும். அங்கே ஒரே கோஆக்சியல் கேபிள் மேசைக்கு மேசை ஓடும். ஒவ்வொரு கணினியின் முதுகிலும் டி வடிவ இணைப்பான், இரு முனைகளிலும் சிக்னல் திரும்பி வராமல் தடுக்கும் 50 ஓம் டெர்மினேட்டர். முனைக்கு முனை இப்படி ஓடும் ஒரு வரிசைக்கு 185 மீட்டர், 30 கணினிகள் என்பது வரம்பு; அத்தனை பேருக்கும் சேர்த்து விநாடிக்கு 10 மெகாபிட். நாற்காலி இடித்து ஓர் இணைப்பு கழன்றால் எல்லாக் கணினிகளுக்கும் தொடர்பு அறுந்துவிடும். எங்கே கழன்றது என்று மேசை மேசையாகக் குனிந்து தேட வேண்டும்.

இந்தப் பெட்டியில் தேடவே வேண்டாம், விளக்குகளே சொல்லிவிடும். ஒருமுறை, சுவரொட்டிக் கோப்பு திறக்க வெகுநேரம் ஆகிறது என்று வடிவமைப்பாளர் ஒருவர் மட்டும் குறைபட்டார். வந்து பார்த்தால் மற்ற போர்ட்டுகளில் பச்சை, அவருடையதில் மட்டும் ஆரஞ்சு, அதாவது வேகம் குறைவு. ஜிகாபிட் வேகத்துக்கு, அதாவது விநாடிக்கு 1000 மெகாபிட்டுக்கு, கேபிளுக்குள் இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். நூறு மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். எலி கடித்ததில் ஒரு கம்பி அறுந்திருந்தது. இணைப்பு தானாகவே நூறுக்கு இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய கேபிளை மட்டும் மாற்றினோம். மற்றவர்கள் வேலையை நிறுத்தவே இல்லை. அன்றைக்கு இந்தப் பெட்டியின் மேல் எனக்கு உண்டான மதிப்பு இன்றும் குறையவில்லை.

ஒரு கேபிளின் இரண்டு முனைகளையும் இதே பெட்டியில் யாரோ செருகிவிட்டு, எல்லா விளக்குகளும் ஒரே சமயத்தில் வெறிபிடித்தாற்போல் மின்னி, அலுவலகமே முடங்கியதும் உண்டு. இப்படித் தகவல் முடிவில்லாமல் சுற்றிச் சுற்றி வரும்படி உருவாகும் வளையத்தை அடைக்கும் ஸ்பானிங் ட்ரீ முறையைக் கணினி அறிஞர் ரேடியா பெர்ல்மன் 1985ஆம் ஆண்டே வகுத்துக் கொடுத்துவிட்டார். இந்த விலைப் பெட்டியில் அது கிடையாது. கொடுத்த காசுக்கு அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை, விட்டுவிடுகிறேன்.

என்னால் பொறுக்க முடியாதது அடாப்டர் முனை. ஒரேயொரு கணினிக்குப் போகும் கேபிளின் முனையில் நாக்கு வைத்திருக்கிறார்கள். 'டிக்' என்று பூட்டிக்கொள்கிறது, இழுத்தாலும் வராது. எட்டு பேருக்கும் உயிர் கொடுக்கும் மின்சார முனையோ வெறுமனே செருகி நிற்கிறது. பெருக்குபவரின் துடைப்பம் பட்டால் போதும். நட்சத்திர அமைப்பில் நடு நின்றால் அத்தனையும் நிற்கும் என்று செய்தவர்களுக்குத் தெரியாதா? தெரிந்தும் இந்த இடத்தில் காசை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். அதுதான் ஆத்திரமாக வருகிறது.

போதாக்குறைக்கு அடாப்டரும் தளர்ந்து, பெட்டி அடிக்கடி அணைந்து அணைந்து எரியத் தொடங்கியது. கல்யாணப் பத்திரிகை அவசரத்தில் கோப்பைச் சேமிக்கும் நேரம் பார்த்து அணையும். பழுது பார்ப்பவர் வோல்ட், துருவம் இரண்டும் ஒத்துப்போகிறதா, ஆம்பியர் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்து வேறு அடாப்டர் கொடுத்தார். இப்போது அணைவதில்லை. முனை மட்டும் இன்னும் ஆடுகிறது. கேபிள் டை போட்டு இறுக்கிக் கட்டி வைத்திருக்கிறேன்.

எங்கள் அச்சகத்தில் இது தொடர்ந்து ஓடும், மாற்றப்போவதில்லை. ஆனால் நண்பருக்கு வேண்டாம் என்றே பதில் எழுதிவிட்டேன். கூடுதலாகக் காசு போனாலும் பரவாயில்லை, பவர் சப்ளை உள்ளேயே இருந்து, கணினிக்குப் போடும் அதே தடித்த பவர் கேபிள் செருகும் ஸ்விட்சாக வாங்கி, அதை யுபிஎஸ்ஸில் மாட்டச் சொல்லியிருக்கிறேன்.