6 வோல்ட் டிராக்டருக்கு 12 வோல்ட் கொடுக்கலாமா?

1947 முதல் 1952 வரை அமெரிக்காவில் தயாரான ஃபோர்டு 8என் டிராக்டரில் இருப்பது 6 வோல்ட் பேட்டரி. அதன் நேர்முனைதான் உடற்பகுதியோடு இணைந்திருக்கும். இன்றைய கார்களில் எதிர்முனை. பேட்டரி இறங்கிவிட்டால் இரண்டு வழிகள் உண்டு.

காரின் 12 வோல்ட்டைக் கொடுப்பது விரைவான வழி. எஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார் விர்ரென்று சுழலும்; பலர் செய்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஸ்டார்ட்டரின் பல்சக்கரம், எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரமான ஃபிளைவீலின் பற்களில் ஓங்கி மோதுகிறது. விளக்கு எரிந்துகொண்டிருந்தால் பல்பு போய்விடும். இவையாவது செலவோடு முடியும். மூன்றே செல்கள் கொண்ட பேட்டரிக்குள் இரட்டிப்பு வோல்ட் பாய்ந்தால் ஹைட்ரஜன் பொங்கி வரும். ஒரு தீப்பொறி போதும், முகத்தருகே வெடிக்கும். இரண்டின் உடற்பகுதியும் எதிரெதிர் முனைகளில் இருப்பதால், கேபிள் மாட்டியிருக்கும்போது கார் பம்பர் டிராக்டரில் உரசினால் நேரடி ஷார்ட் சர்க்யூட்.

இன்னொரு 6 வோல்ட் பேட்டரி கிடைத்தால் அதையே எடுங்கள். மின்னோட்டம் அதிகம் என்பதால் மெல்லிய கேபிள் கையைச் சுடும், ஸ்டார்ட்டரோ முனகும். தடித்த கேபிள் வேண்டும். கியரை நியூட்ரலில் வையுங்கள். முதலில் எதிர்முனையை எதிர்முனையோடு இணையுங்கள். உதவிப் பேட்டரியின் நேர்முனையை, டிராக்டர் பேட்டரியிலிருந்து தள்ளி, பெயின்ட் சுரண்டிய எஞ்சின் இரும்பில் கடைசியாக மாட்டுங்கள்.

அவசரமில்லையா? 6 வோல்ட் சார்ஜரில் இரவு முழுவதும் மெதுவாக ஏற்றுங்கள்.