பழைய கூல்ஸ்கேன், புதுக் கணினி: எந்த வழி யாருக்கு?

நிக்கானின் பழைய ஃபிலிம் ஸ்கேனரான கூல்ஸ்கேன் விண்டோஸ் 11-ல் ஓடுமா என்று யாராவது கேட்டால், முதலில் ஸ்கேனரைத் திருப்பி அதன் முதுகைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். எந்த மென்பொருள் உசத்தி, எது மட்டம் என்ற சண்டையெல்லாம் அப்புறம். பின்னால் சதுரமான யு.எஸ்.பி. துளை இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. ஃபயர்வயர் எனும் பழைய வகை இணைப்பு இருந்தால் அலைச்சலும் செலவும் உண்டு. ஊசி ஊசியாக நிறைந்த அகலமான ஸ்கஸி இணைப்பு இருந்தால், புதுக் கணினி என்ற எண்ணத்தையே விட்டுவிடலாம்.

மாடல் வாரியாகச் சொன்னால்: எல்.எஸ்.-30, எல்.எஸ்.-2000 இரண்டும் ஸ்கஸி. எல்.எஸ்.-4000, 8000, 9000 மூன்றும் ஃபயர்வயர். கூல்ஸ்கேன் 4 எனப்படும் எல்.எஸ்.-40 யு.எஸ்.பி. 1.1. கூல்ஸ்கேன் 5 எனப்படும் எல்.எஸ்.-50-ம், அதன் அண்ணனான எல்.எஸ்.-5000-ம் யு.எஸ்.பி. 2.0.

நிக்கான் இந்த வரிசையையே நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் இவற்றை ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்றால், எல்.எஸ்.-50 அங்குலத்துக்கு 4000 புள்ளி எடுக்கிறது. ஒரு 35 மி.மீ. ஃப்ரேமுக்கு ஏறத்தாழ 21 மெகாபிக்சல். கூடவே தூசியையும் கீறலையும் கண்டுபிடிக்கும் அகச்சிவப்பு விளக்கும் உண்டு. ஃபிலிம் வைக்கும் வசதியுள்ள சாதாரண மேசை ஸ்கேனர்கள் காகிதத்தில் இதைவிடப் பெரிய எண்ணைப் போட்டிருக்கும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தலைமுடி ஒரு கறையாகத்தான் தெரியும். கருவி நன்றாக இருக்கும்போது, அதைக் கணினியோடு பேசவைக்கும் டிரைவர் இல்லை என்பதற்காகத் தூக்கிப் போட மனசு வராது.

யு.எஸ்.பி. மாடல்: வ்யூஸ்கேனா, நிக்கான் ஸ்கேனா?

சிக்கல் எங்கே என்று தெரிந்தால் தீர்வை ஒப்பிடுவது எளிது. நிக்கான் ஸ்கேன் மென்பொருளின் கடைசிப் பதிப்பு 4.0.3. அது 32 பிட் விண்டோஸ் விஸ்டாவோடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 என்பது 64 பிட் மட்டுமே, 32 பிட் டிரைவர் அதில் ஏறாது. அதனால் கேபிளைச் செருகியதும் விண்டோஸின் கருவிப் பட்டியலான டிவைஸ் மேனேஜரில் ஸ்கேனர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் முக்கோணம் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஸ்கேனர் கெட்டுவிட்டது என்று இங்கேதான் பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். கெடவில்லை, அது யாரென்று கணினிக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு மிகச் சுலபமான வழி வ்யூஸ்கேன். ஹாம்ரிக் சாஃப்ட்வேர் 1998 முதல் வெளியிட்டுவரும் மென்பொருள் இது. ஸ்கேனர் கம்பெனி கைவிட்ட பல்லாயிரம் மாடல்களுக்குத் தானே டிரைவர் வைத்திருக்கிறது. இன்ஸ்டால் செய்து, ஸ்கேனரை அணைத்துப் போட்டால் பெரும்பாலும் முக்கோணம் மறைந்துவிடும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். காசு கொடுக்காமல் சோதித்துப் பார்க்கலாம். படத்தின் மேல் டாலர் குறியாகத் தெளித்திருக்கும், ஆனால் ஸ்கேனர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அது போதும். பழைய ஸ்கேனர் ஒன்றை வாங்கும் முன் விற்பவர் வீட்டிலேயே லேப்டாப்பில் இதைப் போட்டுப் பார்த்துவிடலாம். ஃபிலிம் வேலைக்கு உயர்ந்த பதிப்புதான் வேண்டும். மலிவான பதிப்பை வாங்கிவிட்டு ஸ்லைடு வரவில்லையே என்று புலம்ப வேண்டாம்.

குறை என்னவென்றால், கலர் நெகட்டிவ். வ்யூஸ்கேனில் முதல் தடவை வரும் முகங்கள் கொஞ்சம் பச்சையாகவோ சாம்பல் பூத்தோ இருக்கும். இதற்கு வழி இருக்கிறது. ரோலின் தொடக்கத்தில் படமே விழாத ஆரஞ்சுப் பகுதியை முதலில் முன்னோட்டம் பாருங்கள். இன்புட் தாவலில் லாக் எக்ஸ்போஷர் என்பதைத் தட்டிவிட்டு மறுபடி முன்னோட்டம். அப்புறம் லாக் ஃபிலிம் பேஸ் கலர். இதைச் செய்துவிட்டால் அந்த ரோல் முழுக்க ஒரே நிறத்தில் வரும். செய்யாவிட்டால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் மென்பொருள் தானாக ஒரு கணக்குப் போடும். ஒரே கல்யாணத்தில், ஒரே பட்டுப் புடவை நாலு படத்தில் நாலு நிறமாக இருக்கும்.

நிக்கான் ஸ்கேனில் இந்தச் சடங்கு எதுவும் இல்லை. நெகட்டிவை உள்ளே விட்டு, பொத்தானை அழுத்தினால், தோல் நிறம் தோல் நிறமாகவே வரும். அது மட்டுமில்லை, டிஜிட்டல் ஐஸ் எனும் கீறல் நீக்கம் அதில்தான் முழுசாக இருக்கிறது. அப்ளைடு சயன்ஸ் ஃபிக்‌ஷன் என்ற நிறுவனம் உருவாக்கி, 2003-ல் கோடக் கைக்குப் போன தொழில்நுட்பம் அது. வ்யூஸ்கேன் அதே அகச்சிவப்பு விளக்கைப் பயன்படுத்துகிறது. ஆனால் சுத்தம் செய்யும் கணக்கு அதன் சொந்தக் கணக்கு. தூசி விஷயத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஃபிலிமின் நீளவாக்கில் ஓடும் கீறல் வந்தால் வித்தியாசம் தெரியும். ஸ்டுடியோவில் கழுவும்போது விழுந்த கோடு ஒன்று முகத்தின் குறுக்கே போகிறது என்று வையுங்கள். ஐஸ் அதைக் கண் இமை கெடாமல் நிரப்பிவிடுகிறது. வ்யூஸ்கேனில் லைட் என்று வைத்தால் கோட்டின் தடயம் மிச்சம். ஹெவி என்று வைத்தால் கோடு போகிறது, இமையின் கூர்மையும் கூடவே போகிறது.

கறுப்பு வெள்ளைக்கு இந்தப் பேச்சே இல்லை. சாதாரணக் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் படமே வெள்ளித் துகள்தான். அது அகச்சிவப்பைத் தடுப்பதால் படத்தையே தூசி என்று நினைத்து மென்பொருள் துடைக்கப் பார்க்கும். இரண்டிலும் அகச்சிவப்புச் சுத்தத்தை அணைத்துவிட்டுத் தூரிகையால் தூசி தட்டுவதுதான் வழி. கோடக்கின் பழைய கோடக்குரோம் ஸ்லைடும் இந்த விஷயத்தில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும்.

சரி, நிக்கான் ஸ்கேன்தான் வேண்டும் என்றால் இரண்டு பாதை.

ஒன்று, டிரைவர் கோப்பைத் திருத்துவது. நிக்கானின் யு.எஸ்.பி. டிரைவர் என்பது பெரும்பாலும் ஒரு முகவரிச் சீட்டு மாதிரிதான்: இன்ன அடையாள எண்ணோடு ஒரு கருவி வந்தால், விண்டோஸில் ஏற்கெனவே இருக்கும் பொது ஸ்கேனர் டிரைவரை அதற்குக் கொடு என்று ஐ.என்.எஃப். கோப்பில் எழுதியிருக்கும். 32 பிட்டுக்கு எழுதிய அந்த வரிகளை 64 பிட் பகுதிக்கும் நகலெடுத்துப் போட்டால் வேலை நடக்கிறது. ஆனால் ஒரு எழுத்தை மாற்றினாலும் கோப்பின் டிஜிட்டல் கையொப்பம் செல்லாது. ஷிஃப்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து, ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ் வரை போய், கையொப்பச் சோதனையை அந்த ஒரு தடவைக்கு அணைத்துவிட்டுத்தான் இன்ஸ்டால் செய்ய முடியும். செய்தால் நன்றாகவே ஓடும். பெரிய விண்டோஸ் அப்டேட் வந்த பிறகு முக்கோணம் மறுபடி எட்டிப்பார்க்கலாம். மாதம் ஒரு முறை ஸ்கேன் செய்பவருக்கு இது எரிச்சல்.

இரண்டாவது, கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற ஒன்றில் விண்டோஸ் எக்ஸ்.பி. வைத்துக்கொள்வது. எனக்குப் பிடித்த வழி இதுதான். உள்ளே இருக்கும் எக்ஸ்.பி.க்கு ஸ்கேனரின் யு.எஸ்.பி. இணைப்பை ஒப்படைத்துவிட்டால், அது 2004-ல் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு வேலை செய்யும். வெளியே விண்டோஸ் 11 எத்தனை தடவை மாறினாலும் உள்ளே ஒன்றும் அசையாது. பகிர்ந்த கோப்புறை ஒன்று வைத்தால் படங்கள் நேராக வெளியே வந்துவிடும். எக்ஸ்.பி.க்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலிலேயே ஆதரவை நிறுத்திவிட்டது. ஆகவே அதற்கு இணைய இணைப்பைக் கொடுக்காதீர்கள். ஆப்பிளின் எம் வரிசைச் சிப் உள்ள மேக்கில் இந்த வழி நடைமுறைக்கு ஒத்துவராது. அந்தச் சிப்பில் எக்ஸ்.பி.யை முழுக்கப் போலச்செய்து ஓட்ட வேண்டும், ஆமை வேகம்தான்.

சில்வர்ஃபாஸ்ட்டைப் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை. ஜெர்மனியின் கீல் நகரத்து லேசர்சாஃப்ட் நிறுவனம் தயாரிப்பது. நெகட்டிவ் வகைக்கு ஏற்ற நிற அமைப்புகள் ஏராளம். ஃபூஜியா, கோடக்கா என்று பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்கலாம். கோடக்குரோம் ஸ்லைடு நிறைய வைத்திருப்பவர்கள் இதைத்தான் புகழ்வார்கள். ஆனால் உரிமம் ஸ்கேனர் மாடலோடு கட்டப்பட்டது. இன்றைக்கு எல்.எஸ்.-50-க்கு வாங்கிவிட்டு நாளைக்கு வேறு மாடல் மாறினால் மறுபடி செலவு. இருபது வயசான கருவிக்கு இப்படி முடிச்சுப் போட எனக்கு மனசில்லை. லினக்ஸ்காரர்களுக்கு சேன் எனும் ஸ்கேனர் மென்பொருள் தொகுப்பில் கூல்ஸ்கேன்3 என்ற பகுதி இலவசமாகவே இருக்கிறது, அகச்சிவப்புப் படத்தையும் எடுத்துத் தரும். சுத்தம் செய்வது உங்கள் பாடு.

நிக்கான் ஸ்கேன் பிரியனான நானும் வ்யூஸ்கேனைக் கணினியிலிருந்து எடுப்பதில்லை. அதற்குக் காரணம் அதன் ரா வசதி. நிறம் மூன்று, அகச்சிவப்பு ஒன்று என நான்கையும் புள்ளிக்கு 64 பிட் வீதம் அப்படியே சேமிக்கலாம். ஒரு ஃப்ரேம் 170 எம்.பி.; 36 படம் கொண்ட ரோல் 6 ஜி.பி. தாண்டும். இடம் தின்னும்தான். ஆனால் ஸ்கேனர் நாளைக்கு மூச்சை விட்டாலும், அந்தக் கோப்புகளை வைத்து நிறத்தையும் கீறலையும் எப்போது வேண்டுமானாலும் மறுபடி சரிசெய்யலாம். உதிரிபாகம் கிடைக்காத கருவிக்கு இதைவிடப் பெரிய காப்பீடு கிடையாது.

எந்த மென்பொருளானாலும் ஒரு சின்ன விஷயம்: ஸ்கேனர் பாதியில் தொங்கினால் மென்பொருளைத் திட்டும் முன் போர்ட்டை மாற்றிப் பாருங்கள். யு.எஸ்.பி. 3 போர்ட்டில் அடம்பிடிக்கும் பழைய ஸ்கேனர், நடுவில் தனி மின்சாரம் உள்ள ஒரு யு.எஸ்.பி. 2.0 ஹப்பை வைத்ததும் ஒழுங்காக வேலை செய்வது உண்டு.

ஃபயர்வயர் என்றால் கதை வேறு

இங்கே மென்பொருள் ஒப்பீடு இரண்டாம்பட்சம். முதலில் கம்பி வேண்டும். ஆன்லைனில் யு.எஸ்.பி.யிலிருந்து ஃபயர்வயர் என்று சில நூறு ரூபாய்க்கு ஒரு அடாப்டர் விற்கிறார்கள். வாங்காதீர்கள். இரண்டும் பேசும் முறையே வேறு. பிளக்கின் வடிவத்தை மாற்றினால் மொழி மாறிவிடாது. ஃபயர்வயர் கம்பியில் மின்சாரமும் வருகிறது, 30 வோல்ட் வரை போகலாம். கண்ட இடத்தில் செருகினால் ஸ்கேனரின் போர்ட் கருகும்.

மேசைக் கணினி இருந்தால் உள்ளே ஒரு பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஃபயர்வயர் கார்டு போடலாம். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப் உள்ளதாகப் பார்த்து வாங்குவது நல்லது. கார்டு போட்டும் ஸ்கேனர் தெரியவில்லை என்றால், விண்டோஸ் 8 முதல் பழைய ஃபயர்வயர் டிரைவரை எடுத்துவிட்டார்கள் என்பதுதான் காரணம். லெகசி என்ற பெயரில் மைக்ரோசாஃப்ட் அதைத் தனியாக டவுன்லோட் செய்யக் கொடுத்தது. டிவைஸ் மேனேஜரில் கார்டைத் தேர்ந்தெடுத்து, கையால் அந்த லெகசி டிரைவருக்கு மாற்ற வேண்டும். அதற்கு மேல் வ்யூஸ்கேன். விர்ச்சுவல்பாக்ஸ் எக்ஸ்.பி. இங்கே கைகொடுக்காது, யு.எஸ்.பி.யைப் போல ஃபயர்வயரை உள்ளே அனுப்ப அதில் வழி இல்லை.

மேக்கில் ஒரு சங்கிலியே கட்ட வேண்டும்: மேக்கின் தண்டர்போல்ட் 3 போர்ட்டிலிருந்து தண்டர்போல்ட் 2-க்கு ஒரு அடாப்டர், அங்கிருந்து ஃபயர்வயர் 800-க்கு இன்னொன்று, கடைசியில் 800-லிருந்து 400-க்கு ஒரு கேபிள். இத்தனை நாளும் அது ஓடியது. 2025-ல் வந்த மேக் ஓ.எஸ். டஹோவில் ஆப்பிள் ஃபயர்வயரையே எடுத்துவிட்டது. இனி அந்தச் சங்கிலிக்குக் காசு போடுவது வீண்.

எல்.எஸ்.-9000 போல 120 எனும் அகலமான ஃபிலிமையும் எடுக்கும் ஸ்கேனர் வைத்திருப்பவருக்கு என் யோசனை: புதுக் கணினியோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஃபயர்வயர் போர்ட் உள்ள 2012 மாடல் மேக்புக் ப்ரோ, அல்லது எக்ஸ்.பி. ஓடும் ஒரு பழைய மேசைக் கணினியை ஸ்கேனருக்கென்றே ஒதுக்குங்கள். சென்னையில் ரிச்சி தெரு பக்கம் பழைய கணினி தேடுவது கார்டு, அடாப்டர், டிரைவர் என்று அலைவதைவிட மலிவு. படங்களை பென் டிரைவில் மாற்றிக்கொண்டால் போதும். ஸ்கஸி மாடலுக்கும் இதே பதில்தான், அங்கே வேறு சுலபமான வழியும் இல்லை. ஸ்கேனரை முதலில் போட்டு, பிறகு கணினியைப் போட வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். வரிசை மாறினால் கணினிக்கு ஸ்கேனர் தெரியாது.

ஸ்கேனரே வேண்டாம் என்றால்

கையில் 24 மெகாபிக்சல் கேமராவும், ஒன்றுக்கு ஒன்று அளவில் எடுக்கும் மேக்ரோ லென்ஸும் இருந்தால், நல்ல வெள்ளை விளக்குப் பலகை மேல் நெகட்டிவை வைத்துப் படம் எடுத்துவிடலாம். பிக்சல் கணக்கில் எல்.எஸ்.-50-க்குக் குறைவில்லை. வேகத்தில் ஸ்கேனர் பக்கத்திலேயே வர முடியாது. கறுப்பு வெள்ளைக்கு நான் இதைத்தான் சொல்வேன். அங்கே ஸ்கேனரின் அகச்சிவப்பு எப்படியும் உதவாது.

ஆனால் நம் வீட்டு அலமாரிகளில் இருக்கும் கலர் நெகட்டிவ்களுக்கு இது பாடு. மழைக்கால ஈரத்தில் பூஞ்சை படர்ந்து, தூசி ஒட்டி, ஒன்றோடொன்று உரசிக் கிடந்தவை அவை. அகச்சிவப்பு இல்லாத கேமராவில் எடுத்தால் ஒவ்வொரு புள்ளியையும் கையால் துடைக்க வேண்டும். ஸ்கேன் செய்யும் நேரத்தில் மிச்சம் பிடித்ததை எடிட்டிங்கில் இரட்டிப்பாகக் கொடுப்பீர்கள். பூஞ்சை ஜெலட்டினையே தின்றுவிட்டிருந்தால் ஸ்கேனராலும் முழுசாக மீட்க முடியாது, அது தனி.

இனிமேல்தான் பழைய ஸ்கேனர் வாங்கப்போகிறீர்கள் என்றால், 35 மி.மீ.க்கு எல்.எஸ்.-50 அல்லது 5000 தவிர வேறெதையும் பார்க்க வேண்டாம். எல்.எஸ்.-4000 விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்பட்டால், மிச்சமான காசு ஃபயர்வயர் கார்டுக்குப் போகும். விற்பவரிடம், வெளிச்சமான சன்னலும் இருண்ட சுவரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் ஒரு ஸ்லைடை ஸ்கேன் செய்து காட்டச் சொல்லுங்கள். சன்னலின் வெளிச்சம் சுவர் மேல் புகை மாதிரிக் கசிந்தால், உள்ளே கண்ணாடியில் தூசி படிந்திருக்கிறது. பிரித்துத் துடைக்கலாம், ஆனால் அந்த வேலைக்கும் சேர்த்து விலையைக் குறைத்துக் கேளுங்கள்.