கிளினிக்கை வளர்த்துத் தருவதாக வரும் ஆலோசகர்கள்: டாக்டர்கள் கவனத்துக்கு

மாவட்டத் தலைநகர் ஒன்றில் இரண்டு சேர் போட்டு நடக்கும் பல் கிளினிக். "ஆறே மாதத்தில் வருமானத்தை இரட்டிப்பாக்கித் தருகிறோம் டாக்டர்" என்று வந்த ஆலோசனை நிறுவனத்திடம் ரூ.2.5 லட்சத்துக்குப் பேக்கேஜ் எடுத்தார்கள். மூன்றாம் மாதத்திலிருந்து அந்த நிறுவனத்தில் போனை எடுக்க ஆளில்லை. தவணை மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறது. பிசியோதெரபி, தோல் கிளினிக்குகளையும் இதே மாதிரி பேக்கேஜ்களோடு சுற்றி வருகிறார்கள். அதனால் பணம் எந்த வழியில் போனது, ஆலோசனை எங்கே தப்பு என்பதை விவரமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் ஜிஎஸ்டி. 2.5 லட்சத்துக்கு 18% என்றால் ரூ.45,000. "இன்புட் கிரெடிட்டில் (வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை, நாம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வது) திரும்ப வந்துவிடும்" என்று சொல்லித்தான் விற்றிருக்கிறார்கள். வராது. மருத்துவ சிகிச்சைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. விலக்குள்ள சேவைக்கு இன்புட் கிரெடிட் எடுக்க முடியாது. ஆக, உண்மையான செலவு ரூ.2.95 லட்சம். கிளினிக்குகளுக்கு ஆலோசனை சொல்வதையே தொழிலாக வைத்திருப்பவருக்கு இது தெரியவில்லை, அல்லது தெரிந்தே மறைத்திருக்கிறார். எதுவானாலும் பேச்சை அங்கேயே முடித்திருக்க வேண்டும்.

அடுத்தது இன்னும் மோசம். "மாதாமாதம் கட்டினால் போதும்" என்று டேப்லெட்டில் ஓடிபி வாங்கினார்கள். அது ஒரு பைனான்ஸ் கம்பெனியின் கடன் ஒப்பந்தம். முழுத் தொகையும் ஆலோசகர் கணக்குக்கு உடனே போய்விட்டது. டாக்டர் இப்போது பைனான்ஸ் கம்பெனிக்குக் கடன்காரர். "சேவை வரவில்லை" என்று தவணையை நிறுத்தினால், "அது உங்களுக்கும் அவர்களுக்கும் உள்ள விவகாரம்" என்பார்கள். வங்கிக் கணக்கில் பணமில்லாமல் ஆட்டோ டெபிட் திரும்பினால் செக் பவுன்ஸ் போலவே கிரிமினல் வழக்குப் போட 2007-ஆம் ஆண்டின் பணப் பட்டுவாடா சட்டத்தில் இடமிருக்கிறது. சிபில் ஸ்கோரும் விழும். செய்து முடித்த வேலைக்கு மாதக் கடைசியில் பில், அந்த பில்லுக்கு வங்கிப் பரிமாற்றம்: இப்படி வேலை செய்யச் சம்மதிக்காதவர் தன் வேலையைத் தானே நம்பவில்லை என்று அர்த்தம்.

இனி அவர்கள் கொடுத்த ஆலோசனை. "99 ரூபாய்க்கு ஸ்கேலிங் (பல் சுத்தம் செய்வது) ஆஃபர் போடுங்கள், கூட்டம் வரும்." கூட்டம் வந்தது. கணக்கைப் பாருங்கள். வாடகை, சம்பளம், கரண்ட் பில், மெஷின் தவணை எல்லாம் சேர்த்து மாதம் ரூ.1.8 லட்சம் நிலைச்செலவு என்று வையுங்கள். இரண்டு சேர், 25 நாள், சேருக்கு தினம் உருப்படியான 6 மணி நேரம்: மொத்தம் 300 மணி. ஒரு சேர் மணிக்கு ரூ.600. ஸ்கேலிங்குக்கு 40 நிமிடம் பிடித்தால் ரூ.400. கிளவுஸ், சக்ஷன் டிப், ஸ்டெரிலைசேஷன் பவுச் இன்னொரு 80. வாங்குவது 99, நஷ்டம் 381. விளம்பரச் செலவு தனி.

"சேர் எப்படியும் காலியாகத்தானே கிடக்கிறது" என்று ஆலோசகர் வாதாடுவார். காலை 11 மணிக்குச் சரி. ஆனால் ஆஃபருக்கு வந்தவர்கள் வேலை முடிந்து மாலை 6 முதல் 8 வரைதான் வந்தார்கள். ரூட் கேனால் இரண்டாம் சிட்டிங்குக்கு வந்த பழைய பேஷண்ட்கள் வாசல் பெஞ்சில் காத்திருந்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அவர்களில் சிலர் மறுபடி வரவில்லை. எந்த மணியில் எந்த சேர் காலி என்று கேட்காமலே ஆஃபர் போடச் சொன்னவருக்குத் தொழில் தெரியாது.

ஆலோசகர் அனுப்பிய மாத ரிப்போர்ட்டில் 140 லீட், அதாவது பேஷண்டாக வரக்கூடியவர்கள். விளம்பரப் படிவத்தில் நம்பர் போட்ட எல்லாரும் அதில் லீட். ரிசப்ஷன் நோட்டில் "எப்படி வந்தீர்கள்" என்று ஒரு கட்டம் போட்டு, போனை எடுத்தவர், நேரம் வாங்கியவர், வந்தவர், சிகிச்சை முடித்தவர், கட்டிய தொகை என்று எழுதிவந்தால் அந்த 140 எவ்வளவு சுருங்குகிறது என்பது ஒரே மாதத்தில் தெரிந்துவிடும்.

விளம்பரத்துக்கு வருவோம். டாக்டர்களுக்கு 2002-ஆம் ஆண்டின் மருத்துவ கவுன்சில் நெறிமுறைகளும், பல் மருத்துவர்களுக்கு 2014-இல் திருத்திய நெறிமுறைகளும் இருக்கின்றன. பேஷண்ட் பிடிக்க விளம்பரம் செய்வதற்கும், ரெஃபர் செய்பவருக்கு கமிஷன் கொடுப்பதற்கும் அவற்றில் தடை உண்டு. "ரெஃபரலுக்கு 20% கொடுங்கள், எல்லோரும் கொடுக்கிறார்கள்" என்ற பேச்சை அப்படியே விட்டுவிடுங்கள். கவுன்சில் நோட்டீஸ் உங்கள் பதிவு எண்ணுக்குத்தான் வரும், ஏஜென்சிக்கு அல்ல. சட்டம் தடுத்த செலவை வருமான வரியில் கழிக்கவும் முடியாது.

கூகுள் மேப் பக்கத்தை ஏஜென்சி தன் மெயிலில் திறந்து, முதன்மை உரிமையாளராகத் தன்னையே போட்டுக்கொண்டது. சண்டை வந்ததும் கிளினிக்கின் போன் நம்பரைக்கூட டாக்டரால் மாற்ற முடியவில்லை. கிளினிக்கின் சொந்த ஜிமெயிலில் பக்கத்தைத் திறந்து, ஏஜென்சிக்கு மேனேஜர் அனுமதி மட்டும் கொடுங்கள். டொமைன் (வெப்சைட் முகவரி), விளம்பரக் கணக்கு இரண்டும் உங்கள் பெயரில், உங்கள் கார்டில் இருக்கட்டும். பேஷண்ட் நம்பர் பட்டியலை எக்ஸெல்லில் தூக்கிக் கொடுக்கவே வேண்டாம்.

யாரை நம்புவது? ஒரு ஆலோசனையை நீங்கள் கேட்டு நடந்தால் சொன்னவருக்கு எங்கிருந்து பணம் வருகிறது என்று முதலில் பாருங்கள். மெஷின் டீலருக்கு மெஷினைப் பற்றித் தெரியும். வாங்கலாமா என்று அவரிடம் கேட்கக் கூடாது. 30 லட்சம் கடனில் சிபிசிடி ஸ்கேன் மெஷின் (பல், தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் எக்ஸ்ரே) வாங்கினால், 12% வட்டியில் ஐந்து வருடத்துக்கு மாதத் தவணை சுமார் ரூ.66,700. ஸ்கேனுக்கு ரூ.2,500 வாங்கினால் தவணைக்கே மாதம் 27 ஸ்கேன் வேண்டும். எக்ஸ்ரே மெஷின்களுக்கான அணுசக்தி ஒழுங்குமுறை வாரிய அனுமதியும் பராமரிப்பு ஒப்பந்தமும் இதற்கு மேல். ஆலோசகரே ஒரு டீலரைக் கைகாட்டினால், "எந்த சப்ளையரிடமும் கமிஷன் பெறுவதில்லை" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். ஆடிட்டரை வரிக்கு நம்பலாம். எந்த சிகிச்சைக்கு எத்தனை நிமிடம் என்பது அவருக்குத் தெரியாது. அதற்கு, உங்கள் ஊர் அளவுள்ள இன்னொரு ஊரில் பத்து வருடமாகக் கிளினிக் நடத்தும் சீனியர்தான் சரியான ஆள். அவருக்கு நீங்கள் போட்டியும் இல்லை, வாடிக்கையாளரும் இல்லை. அண்ணா நகரில் எடுபட்ட விலை அறந்தாங்கியில் எடுபடாது என்பது அவருக்குத் தெரியும்.

காசு கொடுத்து ஆலோசகர் வைத்தால், அவர் முதலில் கடந்த 12 மாதக் கணக்கைக் கேட்க வேண்டும்: புதுப் பேஷண்ட் எத்தனை, சிகிச்சைவாரியாக வரவு, லேப் பில், நேரம் வாங்கி வராதவர்கள், வராத பாக்கி. அதைப் பார்க்காமல் பேக்கேஜை நீட்டுபவர் விற்பனையாளர். அவர் தரும் மூன்று டாக்டர் நம்பர்களோடு நிற்காமல், பாதியில் விலகிய ஒருவரின் நம்பரைக் கேளுங்கள். பாராட்டிப் பேசும் டாக்டருக்கு ஆள் சேர்த்ததற்குப் பணம் வருகிறதா என்றும் நேராகக் கேட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே மாட்டியிருப்பவர்கள் தவணையைச் சொல்லாமல் நிறுத்த வேண்டாம். ஒப்பந்தத்தில் வழக்கு எந்த ஊர் நீதிமன்றத்தில் என்று போட்டிருக்கிறது என்பதை வக்கீலிடம் காட்டுங்கள். என்ன வேலை வரவில்லை என்று தேதிவாரியாக எழுதி ஆலோசகருக்கும் பைனான்ஸ் கம்பெனிக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், மெயிலிலும் அனுப்புங்கள். கடனைப் பற்றி சரியாகச் சொல்லாமல் ஓடிபி வாங்கியிருந்தால் அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள். பைனான்ஸ் கம்பெனி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) ஆன்லைனில் புகார் கொடுக்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை.